மேகம் விலகக் காத்திருப்பதும் யாத்திரையே

திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதாரம், இமயமலையில் 11,700 அடிக்கும் மேலான உயரத்தில் அமைந்துள்ளது. கௌரிகுண்டத்திலிருந்து மலையேற இயலாத முதியோர் பலர், குப்தகாசி, பாட்டா, சிர்சி ஆகிய தளங்களிலிருந்து ஹெலிகாப்டரில் செல்கின்றனர். சில நிமிடப் பயணமே அது. ஆயினும் 2022 அக்டோபர் 18 அன்று கருடசட்டி அருகிலும், 2025 ஜூன் 15 அன்று கௌரிகுண்டம் அருகிலும் ஹெலிகாப்டர்கள் விபத்துக்குள்ளாகி, ஒவ்வொன்றிலும் விமானி உட்பட 7 பேர் உயிரிழந்தனர். இரு நாட்களிலும் வானிலை மோசமாக இருந்தது.

அந்தக் குறுகிய பள்ளத்தாக்கில் விமானி மலையையும் தரையையும் கண்ணால் கண்டே பறக்க வேண்டும். பெரிய விமான நிலையங்களில் மேகத்தினூடே கருவிகளைக் கொண்டு இறங்குவதற்கு முறையான வழி உண்டு. எவ்விடத்தில் எவ்வளவு உயரத்திற்குக் கீழே வரலாகாது, எந்த உயரத்தில் ஓடுபாதை தென்படாவிடில் மீண்டும் மேலேற வேண்டும் என்பதையெல்லாம் அளந்து வரையறுத்து, அதிகார அமைப்பு அவ்வழிக்கு ஒப்புதல் தருகிறது. ஒப்புதல் இல்லாத இடத்தில், ஜி.பி.எஸ். காட்டும் புள்ளியை நம்பித் தாமாகவே வழி வகுத்து மேகத்துள் இறங்குவது பேராபத்து. சேருமிடத்தைக் கருவி காட்டலாம். இடையில் நிற்கும் குன்றிலிருந்து அது காப்பாற்றாது.

இங்கிலாந்தில் 2019 அக்டோபர் 14 அன்று, தனியார் தளம் ஒன்றில் மோசமான வானிலையில் இறங்க முயன்ற பெரிய ஹெலிகாப்டர், இரு விமானிகள் இருந்தும், தரைக்கு 28 அடி உயரம் வரை தாழ்ந்து மயிரிழையில் தப்பியது.

இத்தகைய துணிவுக்குப் பின்னால் பல வேளைகளில், "எப்படியாவது போய்ச் சேர வேண்டும்" என்னும் நெருக்குதல் இருக்கிறது. அதில் தம் பங்கைப் பக்தர்கள் நீக்கிவிடலாம். பயணத் திட்டத்தில் ஓரிரு நாட்களைக் கூடுதலாக ஒதுக்குவது நலம். பயணம் ரத்தானால் வாதாட வேண்டியதில்லை. பாதி வழியில் திரும்பிவிடும் விமானி கடிந்துகொள்ளத் தக்கவர் அல்லர், நன்றிக்குரியவர்.

சம்பந்தரும் சுந்தரரும் கேதாரத்திற்குச் சென்று பாடவில்லை. திருக்காளத்தியில் இருந்தபடியே அத்தலத்தை நினைந்து பாடினர் என்கிறது பெரியபுராணம். அந்தப் பாடல்களை ஏற்ற ஈசன், மேகம் கண்டு திரும்பிய அடியாரின் வழிபாட்டையும் ஏற்பான்.