புலம்பலும் சாட்சியமும்: பாலாற்றுக் கரையில் 'சமூக மதிப்பு'

காவேரிப்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே வருகிறது. அணைக்கட்டுக்கு மேலே ஆற்றோரமாக வாணியம்பாடி, ஆம்பூர் என்று தோல் பதனிடும் ஊர்கள். 'மேல என்ன நடந்தா நமக்கென்ன' என்று ஏரிப்பாசனக்காரர் சொல்லிவிட முடியாது.

தொண்டு நிறுவனங்கள் நீடித்த வளர்ச்சிக்கான 'சமூக மதிப்பை' உருவாக்குவதாக நிறையப் பேசப்படுகிறது. இத்தனை தையல் மிஷின், இத்தனை பயனாளி என்று ஆண்டறிக்கை கணக்குச் சொல்லும். இந்தச் சொல்லாடலுக்குள் அடங்காத ஒன்றை வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் பார்க்கலாம்.

'கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்சு, பயிர் வர்ல' என்பது அதுவரை புலம்பல். புலம்பலுக்குச் சட்டத்தில் இடமில்லை. 1991இல் மன்றம் உச்சநீதிமன்றத்துக்குப் போனபின் அது சாட்சியமாக மாறுகிறது. தோல் ஆலைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப்போனது என்ற வேளாண் ஆய்வு மையத்தின் கணக்கு 28.8.1996 தீர்ப்பில் பதிவாகிறது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும். தன் தொழிலால் கேடில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியுடையதே என்றது தீர்ப்பு. 'நிரூபிச்சுக் காட்டு' என்று விவசாயியிடம் சொல்லிவந்த அதிகாரம் இங்கே தலைகீழாகிறது. மன்றம் உண்டாக்கிய மதிப்பு இதுதான். இதற்குப் பயனாளிப் பட்டியல் கிடையாது. நாட்டில் பின்னால் வந்த எத்தனையோ வழக்குகள் இதன்மேல் நிற்கின்றன.

ஆனால் மதிப்பு விலையாக மாறும் இடத்தையும் பார்க்கவேண்டும். 2001இல் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயிக்கப்பட்டது. வகுத்தால் தலைக்குப் பத்தாயிரத்துக்கும் குறைவு. பாதிக்கப்பட்டவருக்குப் பணம், கெட்ட மண்ணையும் நீரையும் மீட்கும் செலவு இரண்டுமே மாசுபடுத்தியவர் தலையில் என்றுதான் 1996 தீர்ப்பு சொல்லியிருந்தது. முதல் பாதியே முடியவில்லை: பாக்கி இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கும்படி 30.1.2025இல் உச்சநீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டிவந்தது.

இன்னொரு கேள்வி 'குடிமக்கள்' என்ற சொல்லைப் பற்றியது. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்ற தோல் தொழிலாளி, அவர்களில் கணிசமானோர் தலித்துகளும் இஸ்லாமியரும், இந்தச் சொல்லுக்குள் எங்கே இருக்கிறார்? ஆலையை மூடினால் கூலி போகிறது, மூடாவிட்டால் அவர் வீட்டுக் குடிதண்ணீரும் போகிறது. நிலம் வைத்திருப்பவரின் இழப்பை ஹெக்டேரில் அளக்கலாம். நிலமே இல்லாதவரின் இழப்புக்கு அளவுகோல் இன்னும் உருவாகவில்லை. பாலாற்றுக் கரையில் வேலை செய்யும் அமைப்புகள் அடுத்துச் செய்யவேண்டிய காரியம் அது.