குளிர்கால உறக்கம் கலைக்கும் வண்டிகள்

கனடாவில் மே மாதம் வந்துவிட்டால், பனிக்காலம் முழுவதும் போர்வைக்குள் கிடந்த முகாம் வண்டிகள் வெளிச்சத்துக்கு வருகின்றன. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் சக்கரத்தின் மேலேயே உள்ள வீடு அது. 1893-இல் உருவான அல்கொங்குவின் பூங்காவுக்கு அதை ஓட்டிச் செல்லுமுன் வேலை நிறைய இருக்கிறது.

முதலில் தண்ணீர். குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்க, குளிர் தொடங்குமுன் அவற்றில் உறைதடுப்புத் திரவம் நிரப்பியிருப்பார்கள். வசந்தத்தில் குழாயைத் திறந்ததும் அது இளஞ்சிவப்பாக நுரைத்துக்கொண்டு வரும். நிறம் போய்த் தெளிந்த நீர் வரும்வரை ஓடவிட வேண்டும். பிறகு தொட்டியில் 60 லிட்டருக்குக் கால் கோப்பை வாசனையற்ற ப்ளீச் கலந்து, சில மணி நேரம் ஊறவைத்து, வாடை போக அலசுவார்கள்.

டயர்தான் பலரை ஏமாற்றுகிறது. பட்டன் தேயாமல் புதிதுபோலவே இருக்கும். ஆனால் ரப்பர் ஓடாமலே கிழடாகும். டயரின் பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அதன் வயதைச் சொல்லிவிடும். 2318 என்றால், 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது.

அடுத்து எரிவாயு. இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால், கசிவுள்ள இடத்தில் குமிழி கிளம்பும். அடுப்புக் குழலுக்குள் சிலந்தி கூடு கட்டியிருந்தால், நீலச் சுடர் மஞ்சளாகித் தடுமாறும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதனால் எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்தி, அதன் கூச்சலைக் காதால் கேட்ட பிறகே வண்டியைக் கிளப்ப வேண்டும்.