பிரசவக் காப்பீடு: முகப்பில் ஐந்து லட்சம், உள்ளே ஐம்பதாயிரம்

வருமா வராதா, வந்தால் எப்போது வரும் என்று தெரியாத இழப்பைப் பலர் சேர்ந்து பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்குக் காப்பீடு என்று பெயர். மகப்பேறோ பெரும்பாலான குடும்பங்களில் எதிர்பார்த்து, நாள் எண்ணிக் காத்திருந்து நிகழ்வது. இந்திய மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் மற்ற நோய்களுக்குக் காட்டும் தாராளத்தைப் பிரசவத்துக்குக் காட்டாததற்கு அடிப்படைக் காரணம் இதுவே. குழந்தை பெறத் திட்டமிடுபவர்கள் மட்டும் பாலிசி எடுத்து, பிரசவச் செலவைப் பெற்றுக்கொண்டு, அடுத்த ஆண்டு புதுப்பிக்காமல் விட்டால் பிரீமியக் கணக்கு கட்டுப்படியாகாது என்பது அவர்கள் வாதம். வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதற்காக அவர்கள் எழுப்பியிருக்கும் வேலிகளைப் பாலிசி விற்கும்போது எடுத்துச் சொல்பவர் அரிது என்பதால், மருத்துவமனைப் பில் கைக்கு வரும் நாளில்தான் பலருக்கு அவை தெரியவருகின்றன.

முதல் வேலி விலக்கு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்து, 2020 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த விலக்குகளின் வரிசையில் மகப்பேறு 18-ஆவதாக இடம்பெறுகிறது. இதன்படி, மகப்பேறு தனியாகச் சேர்க்கப்படாத சாதாரண பாலிசியில் சுகப்பிரசவம், சிசேரியன், சிக்கலான பிரசவம் ஆகிய எதற்கும் பணம் கிடையாது. விபத்தால் நேராத கருச்சிதைவுக்கும், சட்டப்படி செய்யப்படும் கருக்கலைப்புக்கும் கிடையாது. கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், கரு தங்கிவிடும் நிலை மட்டும் இந்த விலக்கிலிருந்து விடுபட்டிருக்கிறது. உயிருக்கே ஆபத்தான அந்த நிலைக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், மகப்பேறு என்ற பெயரைக் கேட்டதுமே தமக்கு உரிமை இல்லை என்று எண்ணிக் கோரிக்கையை விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது வேலி காத்திருப்புக் காலம், அதாவது பாலிசி தொடங்கிய பின் குறிப்பிட்ட செலவுக்கு உரிமை பிறக்கும்வரை கடக்கவேண்டிய இடைவெளி. தனிநபர் பாலிசிகளில் மகப்பேற்றுக்கு இது பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு ஆண்டுகள். ஒன்பது மாதங்களாகக் குறைத்துத் தரும் பாலிசிகள் உண்டென்றாலும் அவற்றின் பிரீமியம் அதற்கேற்ப உயர்ந்திருக்கும். ஆகவே கருவுற்றது உறுதியான பிறகு எடுக்கும் தனிநபர் பாலிசி அந்தப் பிரசவத்துக்கு உதவாது. நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்காக எடுக்கும் குழுக் காப்பீட்டில் இந்தக் காத்திருப்பு பெரும்பாலும் தள்ளுபடி செய்யப்படுகிறது; வேலையிலிருப்போர் பலருக்கு நடைமுறையில் பயன்படும் மகப்பேற்றுக் காப்பீடு இது ஒன்றுதான். ஆனால் அது வேலையோடு வருவது, வேலையை விட்டால் போய்விடுவது. கருவுற்றிருக்கும் காலத்தில் வேலை மாறுபவர், புதிய நிறுவனத்தின் குழு பாலிசியில் காத்திருப்பு தள்ளுபடி உண்டா என்பதைச் சம்பளப் பேச்சின்போதே கேட்டுவிடுவது நல்லது.

மூன்றாவது வேலிதான் எல்லாவற்றிலும் உயரமானது. பாலிசியின் முகப்பில் ஐந்து லட்சம் என்று அச்சிட்டிருந்தாலும் பிரசவத்துக்கு மட்டும் ஐம்பதாயிரம், எழுபத்தைந்தாயிரம் என ஒரு தனி உச்சவரம்பு உள்ளே இருக்கும். இதைச் சப்-லிமிட் என்பர். ஒரு கற்பனைக் கணக்கால் இதை விளக்கலாம். சிசேரியனுக்கு எழுபத்தைந்தாயிரம் வரம்பும், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அறை வாடகை வரம்பும் உள்ள ஒருவர், 8,000 ரூபாய் அறையில் மூன்று நாள் தங்குகிறார் என்று கொள்வோம். பில்லில் அறை 24,000, மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், அறுவை அரங்கு ஆகியவற்றுக்கு 64,000, மருந்தும் பரிசோதனையும் 24,000, கையுறை முதலிய ஏற்கப்படாத பொருள்கள் 8,000, ஆக மொத்தம் 1,20,000 ரூபாய். அறைக்கு 15,000 மட்டுமே ஏற்கப்படும். அத்துடன், வரம்பை மீறிய அறையில் தங்கியதற்காக மருத்துவர், அரங்குக் கட்டணமும் எட்டில் ஐந்து பங்காக, 40,000-ஆகக் குறைக்கப்படும். இதற்கு விகிதாசாரக் கழிவு என்று பெயர். மருந்துக்கும் பரிசோதனைக்கும் இந்தக் கழிவு பொருந்தாது என்பதால் 24,000 முழுமையாகச் சேரும். கூட்டினால் 79,000, வரம்போ 75,000. மீதி 45,000 ரூபாய் குடும்பத்தின் கைப்பணம். வரம்பு ஐம்பதாயிரமாக இருந்திருந்தால் கைப்பணம் 70,000 ஆகியிருக்கும். 5,000 ரூபாய் அறையே எடுத்திருந்தாலும் நிறுவனம் தரும் தொகை ஒரு ரூபாயும் கூடியிருக்காது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தின் தனியார் மருத்துவமனைகளில் நிகழ்ந்த பிரசவங்களில் 63.8 விழுக்காடு சிசேரியன். ஆகவே இங்கே சுகப்பிரசவத்துக்கெனத் தனியே தரப்படும் வரம்பை நம்பிப் பணம் ஒதுக்குவது யதார்த்தம் ஆகாது.

இதுவரை பார்த்தவை மருத்துவமனையில் படுத்த பிறகு வரும் செலவுகள். அதற்கு முந்தைய மாதங்களில் ஆகும் மருத்துவர் கட்டணம், 11 முதல் 13 வாரங்களில் எடுக்கும் ஸ்கேன், குழந்தையின் உறுப்புகளைப் பார்க்க 20-ஆவது வாரத்தை ஒட்டி எடுக்கும் ஸ்கேன், சர்க்கரைப் பரிசோதனை, இரும்புச்சத்து மாத்திரை அனைத்தும் புறநோயாளிச் செலவு என்பதால் பெரும்பாலான பாலிசிகள் அவற்றை ஏற்பதில்லை. ஏற்பவையும் பிரசவ வரம்புக்குள்ளேயே கழித்துக்கொள்கின்றன. பச்சிளங்குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்க நேர்ந்தால் செலவு வேறு தளத்துக்குப் போய்விடும். குழந்தைக்குப் பிறந்த நாளிலிருந்தே காப்பு உண்டா, 91-ஆவது நாளிலிருந்துதானா, உண்டென்றால் அது தாயின் வரம்புக்குள் அடங்குமா, முழுக் காப்பீட்டுத் தொகையும் கிடைக்குமா என்ற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிவைப்பது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற நம் வழக்கத்தால் எழும் சிக்கல் ஒன்று உண்டு. சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்ப்பவரின் பாலிசி, வளைகாப்பு முடிந்து அவர் போய்ச் சேரும் சிற்றூரின் நர்சிங் ஹோமில் செல்லுமா என்பதே கேள்வி. பாலிசிகளின் வரையறைப்படி மருத்துவமனை என்பது உரிய சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றதாக இருக்கவேண்டும்; இல்லையேல் பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகையுள்ள ஊரில் குறைந்தது 10 படுக்கைகளும் மற்ற ஊர்களில் 15 படுக்கைகளும், அவற்றோடு வேறு சில வசதிகளும் கொண்டிருக்கவேண்டும். இதற்குள் வராத இடத்தில் பிரசவம் பார்த்தால், பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெறும் வழியும் அடைபடும். கோரிக்கை மறுக்கப்பட்டு, நிறுவனத்திடம் எழுத்துமூலம் முறையிட்டும் 30 நாளில் தீர்வு கிடைக்காவிட்டால் காப்பீட்டு ஓம்பட்ஸ்மேனிடம் செல்லலாம். அங்கே கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

இத்தனை வேலிகளும் இல்லாத காப்பு நாட்டில் இல்லாமல் இல்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை பெறும் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு, சம்பளத்தில் 0.75 விழுக்காடு பிடித்தம், வேலை தருபவர் பங்கு 3.25 விழுக்காடு. இதில் காப்பீடு பெற்ற பெண்ணுக்கு மருத்துவக் கவனிப்போடு, முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாள் பங்களிப்பு இருந்தால் 26 வாரங்களுக்கு முழு ஊதியமும் கிடைக்கிறது. எந்தத் தனியார் பாலிசியும் இதைத் தருவதில்லை. அரசு மருத்துவமனைகளிலோ 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி சிசேரியன் உட்பட பிரசவம், மருந்து, பரிசோதனை, இரத்தம், உணவு, போக்குவரத்து அனைத்தும் இலவசம். பிறந்த குழந்தையின் சிகிச்சைக்கும் இது பொருந்தும். மாத வருமானக்காரர்களில் பலர் இவற்றைத் தமக்குரியவையாகவே கருதாமல், பாதிச் செலவை மட்டும் ஏற்கும் பாலிசியைப் பெரும் பாதுகாப்பாக நினைப்பது விந்தைதான்.

தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 14,000 ரூபாய் பணமும் 4,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் தரப்படுகின்றன. இதைப் பெற 12 வாரங்களுக்குள் கிராம அல்லது நகர்ப்புறச் சுகாதாரச் செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிவு செய்து, பிக்மி எண் எனப்படும் பதிவெண்ணை வாங்கவேண்டும். தனியார் மருத்துவமனையில்தான் பிரசவம் என்று முடிவு செய்தவர்களும் இந்தப் பதிவைத் தவிர்க்க முடியாது; குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண் கேட்கப்படுகிறது.