மிக் விமானத்துக்கு எத்தனை கிலோ கொழுந்து?

தலவாக்கலைத் தேயிலை மலையில் மாலைத் தராசடியில் நின்றால் ஒரு கிலோவின் பெறுமதி தெரியும். சாக்குக்கு, ஈரத்துக்கு என்று நிறையில் கழிவு போகும். ஒரு கிலோ குறைந்தாலும் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழாது. அந்தத் தராசில் ஓர் ஆயுதக் கொள்வனவை நிறுத்துப் பார்ப்போம்.

2006இல் இலங்கை விமானப்படைக்கு உக்ரைனிலிருந்து நான்கு மிக்-27 விமானங்களை வாங்க ஒப்பந்தமானது. பழைய விமானங்களின் பழுதுபார்ப்பும் சேர்ந்து ஒப்பந்தம் சுமார் 146 லட்சம் டொலர். விமானம் ஒன்று 24.62 லட்சம் டொலர் என்று பத்திரிகைகள் வெளிக்கொண்டுவந்தன. 2000இல் இதே ரகத்துக்குக் கொடுத்த உச்ச விலை 17.5 லட்சம்தான்.

2006இல் இலங்கையின் தேயிலை ஏற்றுமதி ஏறத்தாழ 32.7 கோடி கிலோ, வருமானம் 88 கோடி டொலர், கிலோவுக்கு 2.69 டொலர். ஆக, 146 லட்சம் டொலருக்கு 54 லட்சம் கிலோ தேயிலை வேண்டும். ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து. நாளொன்றுக்கு ஒருவர் 16 கிலோ என்று வைத்தால் 15 லட்சம் ஆள்நாட்கள். நான்கு விமானங்களுக்குக் கூடுதலாகக் கொடுத்த 28 லட்சம் டொலர் மட்டுமே ஏறக்குறைய 3 லட்சம் ஆள்நாட்களின் கொழுந்து!

ஜெட் விமானத்தை நாம் இங்கே செய்ய முடியாது, உண்மை. ஆனால் கண்ணிவெடி தாங்கும் யுனிபஃபல் வாகனத்தை இராணுவத்தின் பொறியியலாளர்களே கட்டினார்கள். கடற்படையும் சிறு தாக்குதல் படகுகளைத் தானே கட்டியது. என்ஜின் போன்றவை வெளியிலிருந்து வந்தாலும், வெல்டிங் செய்தவரின் கூலி ரூபாவில் இங்கேயே நின்றது. வெளிக் கொள்வனவில் அதுவும் டொலராகப் போயிருக்கும்.

அதே 2006 டிசம்பரில் மலையகத் தோட்டத் தொழிலாளர் நாளுக்கு 300 ரூபா சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள், அதை 260இல் முடித்துவைத்தார்கள். குறைத்த 40 ரூபாவால் மிக் ஒப்பந்தத் தொகையை, அந்த ஆண்டின் சராசரியான 104 ரூபா டொலர் விலையில், வகுத்தால் ஏறத்தாழ 3.8 கோடி நாட்சம்பளங்களில் அந்தக் குறைவை ஈடுகட்டக் காணும்.

நாட்டில் கட்டக்கூடியதை நாட்டிலேயே கட்டுங்கள். வெளியே வாங்கியே ஆகவேண்டியதன் விலையை, கையெழுத்திடுமுன் நாடாளுமன்றத்தில் வையுங்கள்.