அறளையும் தௌப் புரதமும்

யாழ்ப்பாணத்துத் தீவகங்களில் முதியோர் பழகிய பெயர்களை மறப்பாராயின், "அறளை பெயர்ந்துவிட்டது" என்று கூறி அமைதல் வழக்கு. ஆயின் இத்தகைய மறதி மூப்பின் இயல்பு மட்டுமன்று. பலரிடத்து மூளை நோயின் அறிகுறியுமாகும்.

1906ஆம் ஆண்டில் செருமானிய மருத்துவர் அல்சைமர், மறதி நோயுற்று இறந்த பெண்ணொருத்தியின் மூளையை ஆராய்ந்து, நரம்புக் கலங்களினுள்ளே நார்ச்சிக்கல்களையும், வெளியே படிவுகளையும் கண்டார். அச்சிக்கல்களின் முதன்மைப் பொருள் தௌ என்னும் புரதமே என்பது 1980களிற் புலனாயிற்று.

நரம்புக் கலத்தின் நீண்ட இழையினுள் நுண்குழாய்கள் உள. கலத்துக்கு வேண்டிய பொருள்கள் அவற்றின் வழியே செல்கின்றன. பண்ணைத் தாம்போதியின் இருமருங்கும் கற்கள் மண்ணைக் காத்தல் போலத் தௌ அக்குழாய்களை உறுதிப்படுத்துகின்றது. பொசுபேற்றுக் கூட்டங்கள் அளவுக்கு மிஞ்சி அதனோடு ஒட்டின், அது குழாயை விட்டு நீங்கித் தன்னுள் தானே பின்னிக்கொள்கின்றது. கற்கள் சரிந்த தாம்போதியால் வேலணைக்குப் பண்டம் செல்லாதவாறு போல, இழையின் நுனிக்கு வேண்டியவை தடைப்படுகின்றன. கலமும் நலிந்து மடிகின்றது.

இச்சிக்கல்கள் அல்சைமர் நோயிற் புதிய நினைவுகளைப் பதிக்கும் பகுதியை முன்னர்த் தாக்கும். ஆதலின் நேற்றுண்டதை மறந்தவரும் இளமையிற் கற்றதை ஒப்புவிப்பர்.

இந்நோயை முற்றாக நீக்கும் மருந்து இன்னும் இல்லை. எனினும், கேடயச் சுரப்பிக் குறைவு, உயிர்ச்சத்து பி12 குறைவு, மனச்சோர்வு என்பவற்றால் வரும் மறதி தீர்க்கத்தக்கது. நெடுந்தீவு முதியவர் சிறப்பு மருத்துவரைக் காணக் கடல் கடத்தல் வேண்டும். ஆயினும் அறளையெனத் தள்ளாது அழைத்துச் செல்லுதலே சுற்றத்தார் கடன்.