சொட்டு... சொட்டு... எண்ணிப் பாருங்க சார்!

"டாக்டர், உடம்பு ஒரே அசதியா இருக்கு. ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திடுங்க!"

ஓட்டலில் 'ஸ்ட்ராங்கா ஒரு காபி' என்று ஆர்டர் கொடுக்கிற மாதிரி இப்படிக் கேட்கிறவர்கள் நம் ஊரில் ஏராளம். மாத்திரை எழுதித் தருகிறவர் சுமாரான டாக்டர். பாட்டிலைத் தொங்கவிடுகிறவர் கைராசி டாக்டர்! ஆபீஸில்கூட அப்படித்தான். 'ஜுரம் சார்' என்றால் மேனேஜர் ஒரு மாதிரி பார்ப்பார். 'டிரிப்ஸ் ஏத்தினாங்க சார்' என்று சொல்லிப் பாருங்கள்... மறுபேச்சு இல்லாமல் லீவு சாங்ஷன்!

நர்ஸிங் முதலாண்டு மாணவ, மாணவிகளுக்குப் பாடம் எடுப்பது என் வேலை. டிரிப்ஸ் பாடம் தொடங்குகிற அன்று நான் கேட்கிற முதல் கேள்வி, "அந்த பாட்டிலுக்குள்ள என்ன இருக்கு?" என்பதுதான். பாதி வகுப்பு கோரஸாகச் சொல்லும்: "சத்து சார்!"

சத்தா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ரெண்டு இட்லி சமாசாரம்

5 சதவிகித டெக்ஸ்ட்ரோஸ். இதைத்தான் நாம் குளுக்கோஸ் பாட்டில் என்கிறோம். அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. மற்றதெல்லாம் சுத்தமான தண்ணீர். இதிலிருந்து கிடைக்கிற சக்தி நூறு கலோரிகூட இல்லை. ரெண்டு இட்லி தின்றால் வந்துவிடும். அதிலாவது சட்னி, சாம்பார் உண்டு!

அடுத்தது நார்மல் சலைன். லிட்டருக்கு 9 கிராம் உப்பு. இதில் கலோரி பூஜ்யம். மூன்றாவது ரிங்கர் லாக்டேட், ஆஸ்பத்திரி பாஷையில் 'ஆர்.எல்.' சோடியம், பொட்டாசியம், கால்சியம், லாக்டேட் எல்லாம் கலந்தது.

"அப்போ வெறும் தண்ணியையே ஏத்திடலாமே சார்?" என்று ஒரு பையன் கேட்டான். கூடவே கூடாது. வெறும் தண்ணீர் நேரே ரத்தத்தில் கலந்தால், சிவப்பணுக்கள் அதை உறிஞ்சி, ஊதி, பலூன் மாதிரி வெடித்துவிடும். ரத்தத்தின் அடர்த்தியை ஒட்டியே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த 9 கிராம் கணக்கு.

எந்த ஆளுக்கு எந்த பாட்டில் என்பதும் முக்கியம். சர்க்கரை நோயாளிக்கு டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினால் சர்க்கரை எகிறும். வாந்தி, பேதியில் உப்பை இழந்தவருக்கு டெக்ஸ்ட்ரோஸ் மட்டும் கொடுத்தால், சர்க்கரை உடம்பில் செலவானதும் மிச்சம் வெறும் தண்ணீர்தான். போன உப்பு திரும்பாது. எல்லாமே பார்க்கத் தண்ணீர் மாதிரி இருப்பதால்தான், "லேபிளைப் படி, மறுபடி படி, மாட்டும்போது இன்னொரு தடவை படி" என்று வகுப்பில் கத்துகிறேன்.

உள்ளே இருப்பது ஊசி இல்லை

நாம் 'நரம்பு கிடைக்கலை' என்கிறோமே, அது நரம்பே இல்லை, சிரை. கெட்ட ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்துப் போகிற குழாய்.

மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே, இல்லாவிட்டால் புறங்கையில், நல்ல சிரையாகப் பார்க்க வேண்டும். வலது கைக்காரருக்கு இடது கை உத்தமம். மேலே ரப்பர் பட்டை கட்டி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, அது காய்கிற வரை பொறுக்க வேண்டும். ஊதிக் காயவைக்கிறவர்களுக்கு என் வகுப்பில் மார்க் கிடையாது!

ஊசி உள்ளே போய், பின்பக்கம் துளி ரத்தம் தெரிந்ததும், ஊசியை உருவிவிடுவார்கள். உள்ளே தங்குவது மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மட்டும். 'கையை அசைச்சா ஊசி குத்திடும்' என்று மூணு நாளாகக் கையைச் சிலை மாதிரி வைத்திருப்பவர்கள் நிம்மதியாக விரலை மடக்கி நீட்டலாம்.

அந்தக் குழாயில் கலர் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்கு இல்லை, அளவுக்கு. சாம்பல் 16, பச்சை 18, ரோஸ் 20, நீலம் 22, மஞ்சள் 24. நம்பர் ஏற ஏறக் குழாய் மெலியும். விபத்தில் ரத்தம் இழந்தவருக்கு சாம்பலோ பச்சையோ. கைக்குழந்தைக்கு மஞ்சள்.

ரோலரைத் தொடாதீங்க!

இதுதான் பாடத்திலேயே முக்கியமான இடம். நீங்களும் ஒரு நாள் யார் பக்கத்திலாவது ஸ்டூல் போட்டு உட்காரப் போகிறவர்தானே?

பெரியவர்களுக்கான டிரிப் செட்டில் பெரும்பாலும் 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லி. மைக்ரோ செட்டில் 60 சொட்டு. செட்டின் கவரிலேயே போட்டிருக்கும். அரை லிட்டர் பாட்டில் என்றால் 10,000 சொட்டு. டாக்டர் நாலு மணி நேரம் என்று எழுதியிருந்தால் 240 நிமிஷம். வகுத்தால் நிமிஷத்துக்கு 42 சொட்டு. அவ்வளவுதான் கணக்கு!

இங்கேதான் நம்ம ஆள் வருவார். "சாயந்திரம் பஸ்ஸைப் பிடிக்கணும். சிஸ்டர் அந்தப் பக்கம் போகட்டும்" என்று ரோலரை ஒரு உருட்டு உருட்டிவிடுவார். நாலு மணி நேரத்துச் சமாசாரம் ஒரு மணி நேரத்துக்குள் ஓடிவிடும். வயசான அப்பா. ஏற்கெனவே இதயமோ கிட்னியோ பலவீனம். அந்த வேகத்தை உடம்பு தாங்காது. நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். பஸ் கிடைத்து என்ன லாபம்?

பாட்டிலில் பொட்டாசியம் கலந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். பொட்டாசியம் குளோரைடை நீர்க்காமல் நேரடியாகச் சிரையில் செலுத்தினால் இதயமே நின்றுபோகும். பாட்டிலில் கலந்து, மெதுவாக மட்டுமே ஏற்ற வேண்டும். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பது ரோலரை உருட்டுகிறவருக்குத் தெரியுமா?

சினிமாவில் வில்லன் குழாயில் காற்றை ஏற்றி ஆளைத் தீர்க்கிறானே என்று பயப்படுகிறவர்கள் உண்டு. குழாயில் ஓடுகிற ஒன்றிரண்டு சின்னக் குமிழி அப்படி ஒன்றும் செய்துவிடாது. நிறையக் காற்று போனால்தான் ஆபத்து. அதனால்தான் மாட்டுவதற்கு முன்பே குழாய் முழுக்க மருந்தை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுகிறார்கள். பாட்டில் தீர்ந்துபோனால் சாதாரணமாக நடப்பது, ரத்தம் குழாயில் பின்னுக்கு ஏறி உறைந்து அடைத்துக்கொள்வது. மறுபடி குத்து வாங்க வேண்டும். எனவே தீர்வதற்குக் கொஞ்சம் முன்பே சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

கூப்பிட வேண்டிய நேரங்கள் இன்னும் உண்டு. குழாய் போட்ட இடம் வீங்கிச் சில்லென்று இருந்தால், மருந்து சிரைக்கு வெளியே கசிகிறது. சிவந்து, சுட்டு, கோடு மாதிரி வலித்தால், சிரை புண்ணாகிறது. குளிர் நடுக்கமோ, மூச்சுத் திணறலோ, உடம்பில் தடிப்போ வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதம் கூடாது. 'சிஸ்டர் திட்டுவாங்க' என்று சும்மா இருக்காதீர்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்!

லீத் பாட்டியின் கதை

1832-ல் ஸ்காட்லாந்தில் காலரா. லீத் என்ற ஊரில் டாக்டர் தாமஸ் லாட்டா, சாகக் கிடந்த ஒரு மூதாட்டியின் சிரையில் உப்புநீரை ஏற்றினார். கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணில் ஒளி வந்தது, நாடி திரும்பியது. பாட்டி பிழைத்துவிட்டார் என்று நம்பி, வேறொருவர் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார் லாட்டா. பேதி மறுபடி தொடங்கியது. யாரும் திரும்ப ஏற்றவில்லை. சில மணி நேரத்தில் பாட்டி இறந்துபோனார்.

என் மாணவர்களுக்கு இந்தக் கதையைத் தவறாமல் சொல்வேன். மாட்டுவது அஞ்சு நிமிஷ வேலை. பார்த்துக்கொண்டே இருப்பதுதான் நர்ஸ் வேலை.

இன்னொரு கதையும் சொல்வேன். 1971. வங்கதேசப் போர். மேற்கு வங்காளத்தில் பன்கான் அகதி முகாமில் காலரா. சலைன் பாட்டில் தீர்ந்துகொண்டே வந்தது. டாக்டர் திலீப் மஹலானபிஸ், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை டிரம்களில் நிரப்பி வாயால் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். சர்க்கரை கூட இருந்தால் குடல் உப்பையும் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சும். அதுதான் சூட்சுமம். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-ல் காலமானார். மறு வருஷம் பத்ம விபூஷண் கொடுத்தார்கள்.

மயக்கம், நிற்காத வாந்தி, கடுமையான நீரிழப்பு, ஆபரேஷன், ரத்த இழப்பு, சிரை வழியாக மட்டுமே தர வேண்டிய மருந்து... இவற்றுக்கு டிரிப்ஸ் உயிர் காக்கும். அப்போது வேண்டாம் என்று அடம் பிடிக்கக் கூடாது.

ஆனால் ஆடிட் முடித்த அசதிக்கும், ராத்திரி கண் விழித்த களைப்புக்கும் அது மருந்தில்லை. ஒரு சொம்பு தண்ணீர், ரெண்டு இட்லி, எட்டு மணி நேரத் தூக்கம் போதும்.

வாய் நன்றாக இருக்கும்போது கைக்கு எதுக்கு சார் சாப்பாடு?