குழிப்பந்தாட்டமும் பொதுநிலமும்

தமிழ்ப் பண்டிதன் ஒருவனுக்குக் கொல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தோடு என்ன உறவு என்று வாசகர்கள் வினவக்கூடும். உறவு யாதுமில்லை. அதன் மட்டையை யான் தொட்டதும் இல்லை. ஆயினும், சென்ற மாதம் மாத்தளையிலுள்ள என் இல்லத்திற்கு வந்த கடிதமொன்று பல நாளாக என் சிந்தையை விட்டகலவில்லை.

எழுதியவர் என் பழைய மாணாக்கர். இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். இப்பொழுது நியூ யோர்க்கில் வாழ்பவர். அவருடைய தந்தையார் இளமையில் துரைமார் ஆடும் களமொன்றில் மட்டைப்பை சுமந்து கூலி பெற்றவர். பை தோளில் இருக்கும்வரை புற்றரையில் நடக்கலாம். இறக்கி வைத்தவுடன் வேலிக்கு அப்பால் போய்விட வேண்டும். அம்முதியவர் இதனைச் சிரித்துக்கொண்டே என்னிடம் கூறியதுண்டு. மகன் அதனைச் சிரிப்பாகக் கொள்ளவில்லை போலும்.

“ஐயா, ஓர் இரவு முழுவதும் காரிலேயே படுத்திருந்து, விடிந்ததும் பெத்பேஜ் கறுப்புக் களத்தில் ஆடினேன். உலகின் பெருவீரர்கள் ஆடிய அதே நிலம். நீ யார் என்று ஒருவரும் கேட்கவில்லை” என்று அவர் எழுதியிருந்தார்.

அக்கடிதம் வந்த வேளையில், யான் கற்பிக்கும் கீழைத்தேயக் கல்லூரியில் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை நடந்துகொண்டிருந்தது. அங்கே கூத்து வேத்தியல், பொதுவியல் என இருவகைப்படும். வேந்தர்க்கு ஆடுவது ஒன்று. ஏனை மாந்தர்க்கெல்லாம் ஆடுவது மற்றொன்று. குழிப்பந்தாட்டம் முழுவதும் வேத்தியலே என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். கடிதத்தைப் படித்தபின் நூல்களைப் புரட்டினேன். என் எண்ணம் பாதி பிழையென்று கண்டேன்.

இவ்வாட்டத்தில் ஆடவர்க்குரிய பெரும்போட்டிகள் ஆண்டுதோறும் நான்கு: மாஸ்டர்ஸ், அமெரிக்க ஓப்பன், பி.ஜி.ஏ., பிரித்தானியாவில் நடக்கும் ஓப்பன். இவற்றுள் மாஸ்டர்ஸ் என்றும் ஒகஸ்டா என்னும் தனியார் கழகத்துக்குரியது. 1990 வரை கறுப்பினத்தார் ஒருவரையும், 2012 வரை பெண் ஒருவரையும் அக்கழகம் உறுப்பினராகச் சேர்த்ததில்லை. வேத்தியலுக்கு இதனினும் நல்ல உதாரணம் வேண்டியதில்லை. ஏனைய மூன்றும் ஆண்டுக்கொரு களமாக இடம் மாறுவன. அவ்வாறு மாறும்போது சிற்சில ஆண்டுகளில் பொதுமக்களுக்குத் திறந்த களங்களையும் அவை வந்தடைகின்றன.

அத்தகைய களங்களை ஒப்புநோக்கினால் ‘பொது’ என்ற ஒரே சொல் எத்தனை பொருளைச் சுமக்கிறது என்பது விளங்கும். கலிபோர்னியாக் கடற்கரையிலுள்ள பெபிள் பீச்சில் 1972 முதல் 2019 வரை ஆறு முறை அமெரிக்க ஓப்பன் நடந்தது. பொதுமக்கள் ஆடக்கூடிய களமொன்றில் அப்போட்டி நடந்தது 1972இலேதான் முதன்முறை என்பர். எவரும் ஆடலாம் என்பது மெய்யே; ஆனால் ஓர் ஆட்டத்திற்கு 600 டொலருக்கு மேற்பட்ட கட்டணம். உடைமையாளர் ஒரு கம்பனியார். கதவு திறந்திருக்கிறது; படிதான் உயரம். இதனைப் பொது என்பதற்கு என் நா எழவில்லை.

அதே மாநிலத்துச் சான் டியாகோவில் உள்ள டொறி பைன்ஸ் களமோ நகரசபையின் சொத்து. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படைமுகாமாக இருந்த நிலம் அது. 2008இலும் 2021இலும் அங்கே அமெரிக்க ஓப்பன் நடந்தது. நகரத்தார்க்குக் கட்டணம் குறைவு. வாஷிங்டன் மாநிலத்துச் சேம்பர்ஸ் பே, சரளைக்கல் தோண்டிய பள்ளத்தைத் திருத்தி 2007இல் திறக்கப்பட்டது. 2015இல் அமெரிக்க ஓப்பனை ஏற்று, புல் சரியில்லை என்று வீரர்களிடம் ஏச்சும் வாங்கிக்கொண்டது.

என் மாணாக்கர் ஆடிய பெத்பேஜ், நியூ யோர்க் மாநில அரசின் பூங்காவில் உள்ளது. பொருளாதாரப் பெருமந்த காலத்தில், வேலையற்றோர்க்கு வேலை கொடுக்கும் திட்டத்தில் உருவாக்கப்பட்டு, 1936இல் திறக்கப்பட்ட களம். 2002இலும் 2009இலும் அமெரிக்க ஓப்பன், 2019இல் பி.ஜி.ஏ., 2025இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் பொருதும் ரைடர் கிண்ணம் ஆகியன அங்கு நடந்தன. மாநிலத்தார்க்கு வார நாளில் நூறு டொலருக்கும் குறைந்த கட்டணம். முன்பதிவு கிட்டாதவர்கள் முதல்நாள் மாலையே காரை நிறுத்தி, இரவெல்லாம் வரிசை காத்து, விடியலில் ஆடலாம். மிகக் கடினமான களம், தேர்ந்தவர்க்கே ஏற்றது என்றோர் எச்சரிக்கைப் பலகை தொடக்கத்தில் உண்டு. எச்சரிப்பதோடு சரி, எவரையும் தடுப்பதில்லை. வண்டி ஏறி ஆட இடமில்லை. எல்லாரும் நடந்தே ஆட வேண்டும்.

இவையெல்லாவற்றுக்கும் மூத்தது ஸ்கொத்லாந்தின் செயின்ற் அன்ட்றூஸ் பழங்களம். 1552இல் அந்நகரத்துப் பேராயர் அக்கடற்கரைப் புல்வெளியில் முயல் வளர்க்க உரிமை பெற்றபோது, அங்கே பந்தாடும் உரிமை ஊர் மக்களுக்கே உரியதென்று சாசனத்தில் எழுதி வைக்கப்பட்டது. பின்னாளில் கடனில் மூழ்கிய நகரசபை 1797இல் நிலத்தைக் கைநழுவவிட்டது. அது முயல் வணிகர் கைக்குச் சென்றது. முயல்கள் களமெங்கும் வளை தோண்டின. ஊரார் முயல்களைக் கொன்றனர். வழக்கு நீதிமன்றம் ஏறியது. ஏறத்தாழ இருபது ஆண்டு நடந்த இம்முயற்போரைப் படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் அன்று அவ்வூரார் வாளாவிருந்திருந்தால் இன்று அங்கே களம் இராது. 1821இல் ஆட்டத்தில் பற்றுடைய நிலக்கிழார் ஒருவர் அதனை வாங்கிக் காத்தார். 1894இல் பாராளுமன்றச் சட்டத்தின் துணையோடு நகரசபை அதனை மீட்டது. 1974 முதல் பொது அறக்கட்டளையொன்று பேணி வருகிறது.

களத்தின் தலைமாட்டிலே கம்பீரமாக நிற்கும் கற்கட்டடம் 1754இல் தோன்றிய புகழ்பெற்ற கழகத்தினுடையது. படத்தில் காண்போர் களமும் அவர்களுடையதே என்று கருதுவர். அன்று, கட்டடம் கழகத்தாரது, நிலம் ஊராரது. அக்கழகம் பெண்களை உறுப்பினராக்க இசைந்தது 2014இலேதான். பெண்களுக்கான ஓப்பன் போட்டியோ 2007இலேயே அந்நிலத்தில் நடந்துவிட்டது.

1873 முதல் 2022 வரை 30 முறை ஓப்பன் போட்டி நடந்த இக்களத்தின் நடுவே இன்றும் ஊர்ப்பாதையொன்று குறுக்கிட்டுச் செல்கிறது. நாடோறும் ஆடுவோரிற் பலர் திருவுளச்சீட்டால் தெரிவாகின்றனர். பெரும்போட்டி நாட்கள் நீங்கலாக ஞாயிறுதோறும் ஆட்டமே இல்லை. அன்று ஊர் மக்கள் குழந்தைகளோடும் நாய்களோடும் உலாவுகின்றனர். ஆடாதவனும் நடக்கலாம் என்ற இவ்வொன்றையே பொதுநிலத்துக்கு உரைகல்லாக யான் கொள்வேன். அவ்வுரைகல்லில் பெத்பேஜும் சற்று மாற்றுக் குறைந்ததே.

நம் நாட்டுக்கு வருவோம். கொழும்பிலே இவ்வாட்டம் 1879இல் தொடங்கியது காலிமுகத்திடலில்! தேசாதிபதி ஹென்றி வார்ட் 1859இல் முடித்த உலாவிடம் அது. கொழும்பு மாநகரின் பெண்களும் குழந்தைகளும் நலம்பெறப் பின்வருவோர் அதனைக் காக்க வேண்டுமென்று கல்லில் வெட்டியும் வைத்தார். பொதுவிடத்தில் பிறந்த ஆட்டம், 1896இல் பொரளைப் பக்கம் பெயர்ந்து, கழகத்தின் எல்லைக்குள் ஒடுங்கியது. நுவரெலியாக் கழகம் 1889இல் தோன்றியது. மாத்தளையிலிருந்து உக்குவளை, வத்தேகம வழியாய்த் திகனைக்குச் சென்றால், விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் 1999இல் திறந்த அழகிய களமொன்றைக் காணலாம். பணம் செலுத்தும் விருந்தினர்க்கும் அங்கு இடமுண்டு. இந்நாட்டின் தொழில்முறை ஆட்டக்காரருள் தங்கராஜா, பிரபாகரன் என்னும் தமிழ்ப்பெயர்களைக் காணும்போது என் உள்ளம் உவக்கிறது.

மாத்தளையில் ஒரு களம் அமைக்க வேண்டுமென்று யான் சொல்ல வரவில்லை. பதினெட்டுக் குழிக் களமொன்றுக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு வீட்டுக்காணி ஏழு பேர்ச்சா பத்துப் பேர்ச்சா என்று வாதிடும் நாட்டில் அதைப் பேசுவது தகாது. யான் நினைப்பது வேறொன்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடும் தரிசும் முடிக்குரியன என்றது. சேனைப் பயிர் செய்து மாடு மேய்த்த கிராமத்து நிலங்கள் பல கோப்பித் தோட்டங்களாயின. 1848இல் இம்மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு உடனடிக் காரணம் புதிய வரிகள். நிலமிழந்த மனக்குறையும் அதன் அடியில் கிடந்தது. அந்நிலத்திலே உழைக்க மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழி நடந்து வந்தவர் எம் முன்னோர். இழந்த சிங்களக் கிராமத்தானுக்கும் பொதுநிலம் இல்லை. வந்த தமிழ்த் தொழிலாளிக்கும் இல்லை. லயத்துப் பிள்ளைகள் இன்றும் பந்தடிப்பது பெரட்டுக் களத்திலேதான். அதுவும் தோட்ட நிருவாகம் பொறுக்கும்வரை.

செயின்ற் அன்ட்றூஸ் ஊராரிடம் 1552ஆம் ஆண்டின் சாசனம் இருந்தது. இங்கே நம் கிராமத்தாரிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை. வழக்கு ஏறியபோது அவ்வொரு வேற்றுமையே எல்லாவற்றையும் தீர்த்தது.

இவற்றையெல்லாம் மாணாக்கருக்கு எழுதி, “தம்பி, ஆட்டம் எப்படி?” என்றும் கேட்டிருந்தேன். பதில் சுருக்கமாக வந்தது. “மோசமாக ஆடினேன், ஐயா. அங்கே வண்டி கிடையாது. பையை நானே சுமந்தேன். இரண்டு நாள் தோள் வலித்தது. பதினெட்டாவது குழி முடிந்ததும் பையை இறக்கி வைத்துவிட்டு, அப்பாவை நினைத்துக்கொண்டு புல்லின்மேல் சிறிது நேரம் நின்றேன். போகச் சொல்லி ஒருவரும் வரவில்லை.”